ஃபேஷன் ஒளிப்படங்களில் கட்டடமும் இயற்கைவெளியும்

முன்னுரை

ஃபேஷன் ஒளிப்படம் ஆடையை விற்பதற்காக எடுக்கப்படுவது. ஆயினும் அதன் பொருளை ஆடை மட்டும் தீர்மானிப்பதில்லை. ஆடை அணிந்தவர் நிற்கும் இடமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது. 1930களின் தொடக்கம் வரை இவ்வகைப் படங்கள் பெரும்பாலும் ஒளிப்படக்கூடங்களுக்குள் செயற்கை ஒளியில் எடுக்கப்பட்டன. அவை திறந்தவெளிக்கு வந்தபின் இயற்கையும் கட்டடமும் படத்தில் பெற்ற இடத்தை மூன்று படங்களின் வழி இக்கட்டுரை விளக்குகிறது.

கடற்கரையும் ஓடும் உடலும்

ஹங்கேரியரான மார்ட்டின் முன்காச்சி விளையாட்டு நிகழ்வுகளைப் படமெடுத்துத் தேர்ந்தவர். 1933 டிசம்பர் மாத ஹார்ப்பர்ஸ் பஜார் இதழில் வெளியான படத்துக்காக, நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டுக் கடற்கரையில் லூசில் புரோகாவை ஓடச் செய்தார். தோளிலிட்ட மேலாடை அவருக்குப் பின்னே பறக்கிறது. அசையாது நிற்கும் உருவங்களையே காட்டிவந்த கலைக்குள் இயக்கம் நுழைந்தது. இப்படத்தில் கட்டடம் இல்லை. கண்ணுக்குப் புலனாகாத காற்று, துணியின் அசைவால் புலனாகிறது.

கோபுரமும் காற்றும்

எர்வின் புளூமென்ஃபெல்டு எடுத்து, 1939 மே மாதப் பிரெஞ்சு வோக் இதழில் வெளிவந்த படம் அடுத்த நிலையைக் காட்டுகிறது. 1889இல் கட்டி முடிக்கப்பட்ட ஈஃபெல் கோபுரத்தின் உயரத்தில், நடனப் பயிற்சி பெற்றவரான லீசா ஃபான்சாகிரீவ்ஸ் இரும்புச் சட்டத்தை ஒரு கையால் பற்றி, மறு கையால் பாவாடையைச் சிறகென விரிக்கிறார். கீழே பாரிஸ் நகரம் பரந்து கிடக்கிறது. இரும்பின் நேர்கோடு நிலைத்தன்மையைத் தருகிறது. வானமும் காற்றும் அசைவைத் தருகின்றன. இவ்விரண்டும் சந்திக்கும் இடமாக ஆடை அமைகிறது.

இடிபாடும் ஆடையும்

1941இல் செசில் பீட்டன் பிரித்தானிய வோக் இதழுக்கு எடுத்த படம் இவ்விணைப்பின் சிக்கலை வெளிப்படுத்துகிறது. குண்டுவீச்சில் சிதைந்த லண்டன் டெம்பிள் பகுதியில், நேர்த்தியான உடை அணிந்த பெண் முதுகு காட்டி நின்று இடிபாட்டை நோக்குகிறார். ஃபேஷன் அழிக்கவியலாதது என்னும் கருத்துடைய தலைப்பு அப்படத்துக்கு இடப்பட்டது. பிரித்தானியாவில் ஆடைப் பங்கீடு தொடங்கியதும் அதே ஆண்டு ஜூன் மாதத்தில்தான். இங்கு நகரக் கட்டடம் கூரையும் சுவரும் இழந்து தானே திறந்தவெளியாகிவிட்டது. இதனைப் போர்க்கால மன உறுதியின் அடையாளமாகக் காணலாம். மக்களின் இழப்பை ஆடைக்கு அணியாக்கிய செயலாகவும் காணலாம். இரு வாசிப்புகளுக்கும் படம் இடந்தருகிறது.

திணைநோக்கில் ஒரு வரையறை

இத்தகைய படங்களைத் திணைக்கோட்பாட்டின் வழி நோக்குவோர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகவும் ஆடையைக் கருப்பொருளோடு ஒத்ததாகவும் கொள்ள இயலும். ஆனால் உரிப்பொருள் ஆடையன்று. விடுதலை, துணிவு, உறுதி போன்ற மனநிலையே அவ்விடத்தைப் பெறுகிறது. வேறுபாடும் இங்கேதான் உள்ளது. அகப்பாடலில் முதலும் கருவும் உரிப்பொருளைச் சிறப்பிக்கின்றன. ஃபேஷன் படத்திலோ உரிப்பொருளே கருப்பொருளை விற்கத் துணைபோகிறது.

முடிவுரை

கட்டடத்தையும் இயற்கையையும் ஒரு சட்டகத்துள் அருகருகே வைப்பது மட்டும் இணைப்பாகாது. ஒன்றின் நிலைபேறும் மற்றொன்றின் அசைவும் ஆடையில் ஒருங்கே புலப்படும்போதே இணைப்பு நிகழ்கிறது. அவ்வாறு நிகழும் இடம் யாருடையது, அங்கு என்ன நேர்ந்தது என்னும் வினாக்களையும் சேர்த்து எழுப்பும்போதே இப்படங்களின் வாசிப்பு முழுமை பெறும்.