பார்சல் விநியோகிப்போரின் கூலியும் வேலை நிலைமைகளும்

(க.பொ.த. சாதாரண தரம் – வணிகக் கல்வி, குடியியற் கல்வி மாணவர்களுக்கான துணை வாசிப்பு)

1. அறிமுகம்

மாணவர்களே! மருதமுனையின் கைத்தறி நெசவை நீங்கள் அறிவீர்கள. நூலைப் பெற்றுச் சாறன் நெய்து கொடுப்பவருக்கு, நாளொன்றுக்கு இவ்வளவு என்று அல்லாமல் சாறன் ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி வழங்கப்படுவது வழக்கம். இவ்வாறு வேலை செய்த நேரத்துக்கு அன்றி, செய்து முடித்த அளவுக்கு வழங்கப்படும் கூலி துண்டுவீதக் கூலி எனப்படும்.

இன்று மருதமுனைப் புடவையும் சாறனும் பார்சல்களாக வெளியூர்களுக்குச் செல்கின்றன. தொலைபேசி மூலம் கட்டளையிட்ட பொருட்கள் வெளியூர்களிலிருந்து நமது வாசலுக்கு வருகின்றன. அவற்றை மோட்டார் சைக்கிளிலும் முச்சக்கர வண்டியிலும் கொண்டுவரும் சாரதிகளில் பலருக்கும் கிடைப்பது இதே துண்டுவீதக் கூலிதான்.

சாதாரண தரப் பரீட்சையின் பின்னர் இளைஞர் பலர் நாடும் தொழில்களில் இதுவும் ஒன்று. உயர்ந்த கல்வித் தகைமை கேட்கப்படுவதில்லை. வண்டியும் சாரதி அனுமதிப்பத்திரமும் கைத்தொலைபேசியும் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். ஆனால் பார்சல் ஒன்றுக்குத் தரப்படும் தொகையை மட்டும் பார்த்து இத்தொழிலின் வருமானத்தை மதிப்பிட முடியாது. செலவை யார் ஏற்கிறார், ஆபத்தை யார் தாங்குகிறார், சட்டம் அவரை ஊழியராகக் கொள்கிறதா என்னும் மூன்று கேள்விகளையும் சேர்த்தே கேட்க வேண்டும். இக்கட்டுரை அவற்றை விளக்குகிறது.

2. பார்சல் கடந்து வரும் பாதை

கூரியர் சேவையொன்றில் பார்சல் பொதுவாகப் பின்வரும் படிகளைக் கடக்கிறது.

(அ) விற்பனையாளரிடமிருந்து பார்சல் பெறப்பட்டு மத்திய நிலையத்தில் தரம் பிரிக்கப்படும்.
(ஆ) லொறியில் ஏற்றப்பட்டுப் பிரதேசக் கிளைக்கு அனுப்பப்படும்.
(இ) கிளையில் ஊர் வாரியாகப் பிரிக்கப்பட்டுச் சாரதிகளிடம் ஒப்படைக்கப்படும்.
(ஈ) சாரதி வாடிக்கையாளருடன் தொலைபேசியில் பேசி, வீட்டைத் தேடிச் சென்று ஒப்படைப்பார்.
(உ) பொருள் கையில் கிடைத்ததும் காசு செலுத்தும் முறையாயின், காசை வாங்கிக் கிளையில் கணக்கு ஒப்புவிப்பார்.

இவற்றுள் சாரதிக்குக் கூலி பெற்றுத் தருவது பெரும்பாலும் (ஈ) என்னும் படி மட்டுமே. காலையில் பார்சல்களை அடுக்கும் நேரம், எடுக்கப்படாத தொலைபேசி அழைப்புகள், பூட்டிய கதவின் முன் காத்திருக்கும் நேரம், மாலையில் கணக்கு ஒப்புவிக்கும் நேரம் ஆகியவற்றுக்குத் துண்டுவீத முறையில் தனியான கூலி இல்லை.

3. கூலி வழங்கும் முறைகள்

விநியோகத் தொழிலில் மூன்று முறைகளைக் காணலாம்.

(அ) மாதச் சம்பள முறை: வருமானம் நிலையானது. பார்சல் குறைந்த நாளிலும் சம்பளம் குறையாது. எரிபொருள் பெரும்பாலும் நிறுவனத்தின் செலவாகும்.

(ஆ) அடிப்படைச் சம்பளமும் தரகும்: குறைந்த நிலையான சம்பளத்துடன் பார்சல் ஒன்றுக்கு ஒரு தொகை சேர்க்கப்படும்.

(இ) தனித் துண்டுவீத முறை: ஒப்படைத்த பார்சலுக்கு மட்டும் கூலி. வண்டி, எரிபொருள், பழுதுபார்ப்பு யாவும் சாரதியின் பொறுப்பாகும்.

நிறுவனங்கள் மூன்றாவது முறையை விரும்புவதற்குக் காரணம் உண்டு. பெருநாள் காலத்தில் பார்சல்கள் குவியும். வேறு மாதங்களில் குறையும். துண்டுவீத முறையில், வேலை குறைந்த காலத்தில் நிறுவனத்தின் செலவும் தானாகக் குறைகிறது. ஆயினும் அந்த ஏற்ற இறக்கம் மறைந்துவிடுவதில்லை. அது நிறுவனத்தின் கணக்கிலிருந்து சாரதியின் வீட்டுக் கணக்குக்கு மாறுகிறது.

4. மொத்த வருமானமும் தேறிய வருமானமும்

பின்வரும் எண்கள் கணக்கிட்டுப் பழகுவதற்காக எடுகோளாகக் கொள்ளப்பட்டவை.

சாரதி ஒருவர் நாளொன்றுக்கு 35 பார்சல்களை ஒப்படைக்கிறார். பார்சல் ஒன்றுக்குக் கூலி 80 ரூபா.

மொத்த வருமானம்: 35 × 80 = 2,800 ரூபா

நாளாந்தச் செலவுகள்:
பெற்றோல் (2 லீற்றர் × 300) – 600 ரூபா
தொலைபேசி – 100 ரூபா
ஒயில், டயர், பழுதுபார்ப்புக்கான ஒதுக்கம் – 250 ரூபா
வண்டியின் லீசிங் தவணை (நாட்பங்கு) – 500 ரூபா
மொத்தச் செலவு – 1,450 ரூபா

தேறிய வருமானம்: 2,800 – 1,450 = 1,350 ரூபா

அவர் 10 மணித்தியாலம் உழைத்திருந்தால், மணித்தியாலம் ஒன்றுக்கு 135 ரூபா கிடைத்துள்ளது.

மறுநாள் 5 வாடிக்கையாளர்கள் பொருளை ஏற்கவில்லை எனக் கொள்வோம். அவர் 30 பார்சல்களையே ஒப்படைக்கிறார். மொத்த வருமானம் 2,400 ரூபா. ஆனால் அந்த 5 வீடுகளுக்கும் சென்று வந்தமையால் செலவு குறையவில்லை. தேறிய வருமானம் 950 ரூபா மட்டுமே.

கவனிக்க: மொத்த வருமானம் ஏறத்தாழ 14 சதவீதம் குறைய, தேறிய வருமானம் ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்துள்ளது. செலவு மாறாது நிற்க வருமானம் மட்டும் குறைந்தால், அடி முழுவதும் தேறிய வருமானத்திலேயே விழும்.

5. ஆபத்துகளைத் தாங்குபவர் யார்?

(அ) எரிபொருள் விலை: 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி இதற்குச் சிறந்த உதாரணமாகும். அவ்வாண்டின் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒக்டேன் 92 பெற்றோல் லீற்றரின் விலை ஜூன் மாத இறுதியில் 470 ரூபாவாகியது. பின்னர் கியூஆர் முறையில் எரிபொருள் பங்கிடப்பட்டபோது, மோட்டார் சைக்கிளுக்குத் தொடக்கத்தில் வாரத்துக்கு 4 லீற்றரே கிடைத்தது. பெற்றோலைத் தாமே வாங்கும் சாரதிக்கு இது இரட்டை நட்டமாகும். விலை கூடியது, ஓடக்கூடிய தூரமும் குறைந்தது.

(ஆ) காசுப் பொறுப்பு: பலரிடம் வாங்கிய காசைச் சாரதி நாள் முழுவதும் சுமக்கிறார். குறைந்த தொகையையோ கள்ள நோட்டையோ அவரது கணக்கில் கழித்தால், பல பார்சல்களின் கூலி ஒரே தவறில் போய்விடும்.

(இ) விபத்தும் நோயும்: வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கிழக்குக் கரையோர வீதிகளிலும் ஒழுங்கைகளிலும் நீர் தேங்கும். துண்டுவீத முறை சாரதியை விரைந்து ஓடத் தூண்டுகிறது. கை முறிந்து ஒரு மாதம் வீட்டில் இருந்தால் அந்த மாதத்துக்கு வருமானமே இல்லை. லீசிங் தவணையோ நிற்பதில்லை.

6. ஊழியரா, சுயேச்சை ஒப்பந்தக்காரரா?

இத்தலைப்பின் மிக முக்கியமான பகுதி இதுவாகும். ஒருவர் ஊழியர் எனின் பின்வரும் சட்டங்களின் பாதுகாப்பை, அவற்றின் நிபந்தனைகளுக்கு அமைய, அவர் கோரலாம்.

• ஊழியர் சேமலாப நிதி (1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம்): ஊழியர் 8 சதவீதம், தொழில்தருநர் 12 சதவீதம் செலுத்த வேண்டும்.
• ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியம் (1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம்): தொழில்தருநர் 3 சதவீதம் செலுத்த வேண்டும்.
• பணிக்கொடை (1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம்): 15 அல்லது அதற்கு மேற்பட்டோரை வேலைக்கு வைத்துள்ள இடத்தில் 5 வருட சேவையைப் பூர்த்தி செய்தவருக்கு உரியது.
• வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் (1934): வேலையின்போது நேரும் விபத்துக்கு நட்டஈடு.
• தேசிய குறைந்தபட்ச வேதனம் (2016 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டம்): 2025 இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி 2026 ஜனவரி முதல் மாதத்துக்கு 30,000 ரூபா, நாளொன்றுக்கு 1,200 ரூபா.
• கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் (1950): வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம்.

மாதம் 30,000 ரூபா பெறும் ஊழியருக்காகத் தொழில்தருநர் சேமலாப நிதிக்கு 3,600 ரூபாவும் நம்பிக்கைப் பொறுப்பு நிதியத்துக்கு 900 ரூபாவும் செலுத்துகிறார். இரண்டும் சேர்ந்து வருடத்துக்கு 54,000 ரூபா. ஊழியர் அல்ல என்று கூறப்படுபவர் இழப்பது இத்தொகையையுமாகும்.

துண்டுவீதத்தில் கூலி பெறுவதால் மட்டும் ஒருவர் ஊழியர் அல்ல என்று ஆகிவிடாது. துண்டுவீதத்திலோ, தரகுக்கோ, தற்காலிகமாகவோ வேலை செய்யும் ஊழியரும் சேமலாப நிதிக்கு உரித்துடையவர் ஆவார். ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட பெயரை விட, உண்மையான வேலை உறவே முக்கியமானது. அதை அறியப் பின்வரும் வினாக்கள் உதவும்.

– வேலை நேரத்தையும் செல்லும் பகுதியையும் தீர்மானிப்பவர் யார்?
– சீருடை, நடத்தை விதிகள், தண்டப்பணம் ஆகியன உண்டா?
– கூலி விகிதத்தைப் பேசித் தீர்மானிக்கும் சுதந்திரம் சாரதிக்கு உண்டா?
– தமக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்ப முடியுமா?
– ஒரே காலத்தில் வேறு நிறுவனத்துக்கும் வேலை செய்ய முடியுமா?

முதல் இரண்டும் நிறுவனத்தின் கையிலும், ஏனையவற்றுக்கு விடை 'இல்லை' என்றும் இருந்தால், அவர் ஊழியர் என்று வாதிட வலுவான காரணம் உண்டு.

7. உலக உதாரணங்கள்

அமெரிக்காவில் பார்சல் விநியோகிக்கும் பெரும் நிறுவனங்களுள் யுபிஎஸ், பெடெக்ஸ் என்பனவும் அடங்கும். யுபிஎஸ் சாரதிகள் தொழிற்சங்கத்தில் இணைந்த நேரடி ஊழியர்கள். 1997 ஓகஸ்டில் ஏறத்தாழ 1,85,000 யுபிஎஸ் தொழிலாளர் 15 நாட்கள் வேலைநிறுத்தம் செய்து, 10,000 முழுநேர வேலைகளை உருவாக்கும் உடன்பாட்டைப் பெற்றனர். 2023 இல் ஏற்பட்ட உடன்பாட்டின் மூலம், 2024 முதல் வாங்கப்படும் விநியோக வாகனங்களுக்குக் குளிரூட்டி பொருத்தவும் நிறுவனம் இணங்கியது.

பெடெக்ஸ் கிரவுண்ட் பிரிவோ தனது சாரதிகளைச் சுயேச்சை ஒப்பந்தக்காரர் என்று கூறியது. வாகனம், எரிபொருள், சீருடை ஆகியவற்றின் செலவு சாரதிகளுடையது. வாகனத்தின் நிறம் முதல் உடை வரை கட்டுப்பாடு நிறுவனத்துடையது. 2014 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கலிபோர்னியச் சாரதிகள் ஊழியர்களே எனத் தீர்ப்பளித்தது. 2015 இல் நிறுவனம் அவர்களுக்கு 228 மில்லியன் டொலர் வழங்க இணங்கியது.

பிரித்தானிய உயர் நீதிமன்றத்தின் இரு தீர்ப்புகளையும் ஒப்பிடுக. 2021 பெப்ரவரியில் ஊபர் வாடகைக் கார் சாரதிகள் குறைந்தபட்ச வேதனத்துக்கும் விடுமுறைச் சம்பளத்துக்கும் உரித்துடைய தொழிலாளர் எனக் கூறப்பட்டது. 2023 நவம்பரில், உணவு விநியோகிக்கும் டெலிவரூ ஓட்டுநர்கள் கூட்டாகப் பேரம்பேசும் உரிமைக்கு உரியவர்கள் அல்லர் எனக் கூறப்பட்டது. தமக்குப் பதிலாக இன்னொருவரை அனுப்பும் சுதந்திரம் அவர்களுக்கு இருந்தமை இதற்கு முக்கிய காரணமாயிற்று. இதே கேள்வி மேலே 6 ஆம் பகுதியில் நாம் பட்டியலிட்டவற்றுள் ஒன்று என்பதை அவதானிக்க.

8. வேலையில் சேருமுன் அறிய வேண்டியவை

1. சாரதி அனுமதிப்பத்திரம் பெற 18 வயது பூர்த்தியாக வேண்டும். அதற்கு முன் வண்டி ஓட்டி விநியோகம் செய்வது சட்டவிரோதமாகும்.
2. ஒப்பந்தத்தை விளங்கும் மொழியில் வாசித்து, ஒரு பிரதியை வைத்திருக்க வேண்டும்.
3. திரும்பி வந்த பார்சலுக்குக் கூலி உண்டா எனக் கேட்க வேண்டும்.
4. எரிபொருள் விலை கூடினால் கூலியும் கூடுமா என அறிய வேண்டும்.
5. தினமும் ஒப்படைத்த பார்சல், பெற்ற காசு, செலவு ஆகியவற்றைக் கொப்பியில் பதிய வேண்டும். பிணக்கு ஏற்படின் இதுவே சான்றாகும்.
6. கூலி தரப்படாவிடின் அல்லது சேமலாப நிதி செலுத்தப்படாவிடின், தமது பகுதிக்குரிய தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.
7. உண்மையிலேயே சுயதொழில் செய்பவராயின், 1996 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம்.

9. பயிற்சி வினாக்கள்

1. துண்டுவீதக் கூலி என்றால் என்ன? மருதமுனையிலிருந்து இரு உதாரணங்கள் தருக.
விடை: செய்து முடித்த அளவுக்கு வழங்கப்படும் கூலி. உதாரணம்: சாறன் ஒன்றுக்கான நெசவுக் கூலி, பார்சல் ஒன்றுக்கான விநியோகக் கூலி.

2. நான்காம் பகுதியின் உதாரணத்தில் 35 பார்சல்கள் ஒப்படைக்கப்பட்ட நாளில் பெற்றோல் விலை 470 ரூபா எனின் தேறிய வருமானம் யாது?
விடை: பெற்றோல் செலவு 940 ரூபா, மொத்தச் செலவு 1,790 ரூபா, தேறிய வருமானம் 1,010 ரூபா. இது நாளொன்றுக்கான குறைந்தபட்ச வேதனமாகிய 1,200 ரூபாவிலும் குறைவாகும்.

3. மாதம் 40,000 ரூபா பெறும் ஊழியரின் சேமலாப நிதிக் கணக்கில் மாதந்தோறும் சேரும் தொகை யாது?
விடை: ஊழியர் 3,200 ரூபா, தொழில்தருநர் 4,800 ரூபா, மொத்தம் 8,000 ரூபா.

4. "ஒப்பந்தத்தில் ஒப்பந்தக்காரர் என்று எழுதிவிட்டால் அவர் ஊழியர் ஆகமாட்டார்." இக்கூற்றை ஆராய்க. (பெடெக்ஸ், டெலிவரூ தீர்ப்புகளை ஒப்பிட்டு எழுதுக.)

5. உங்கள் ஊரில் விநியோக வேலை செய்யும் ஒருவரிடம், அவரது அனுமதியுடன், ஒரு நாளின் வருமானத்தையும் செலவுகளையும் கேட்டறிந்து, அவரது பெயரைக் குறிப்பிடாது தேறிய வருமானக் கூற்றொன்றைத் தயாரிக்க.