ஆடிக்காற்றும் அடித்தள போல்ட்டும்

திருவனந்தபுரத்து ஆரியசாலையிலிருந்து நாகர்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்குச் செல்வோர், ஆரல்வாய்மொழிக் கணவாயில் முப்பந்தல் காற்றாலைகளைக் கடந்தே போக வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று இக்கணவாயில் நெருக்குண்டு விரைவதால் இங்கே மின்சாரம் பிறக்கிறது. அதே காற்று கோபுரத்தைச் சாய்க்க முனைகையில், காற்றடிக்கும் பக்கத்து அடிப்பகுதி மேலெழப் பார்க்கிறது. இத்தகைய கோபுரங்களை மண்ணோடு பிணைத்து வைப்பவை, கான்கிரீட் அடித்தளத்துக்குள் இறங்கியிருக்கும் நங்கூர போல்ட்கள்.

பெரிய காற்றாலைகளில் இன்று பரவலாகக் கையாளப்படும் முறையில், போல்ட்டின் கீழ்முனை அடித்தளத்தின் ஆழத்திலுள்ள எஃகு வளையத்தில் பொருத்தப்பட, நடுப்பகுதி கான்கிரீட்டோடு ஒட்டாதவாறு குழாய்க்குள் விடப்படுகிறது. கான்கிரீட் போதிய வலிமை பெற்றபின், மேல்முனையை ஹைட்ராலிக் கருவியால் இழுத்து நீட்டி, அந்நிலையிலேயே நட்டை இறுக்கிவிடுகின்றனர். நீண்ட போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்வதால், இடையிலுள்ள கான்கிரீட் எப்போதும் அழுந்தியே இருக்கிறது; இதுவே முன்னிழுப்பு எனப்படும்.

40 டன் முன்னிழுப்புள்ள போல்ட்டின்மேல் 20 டன் இழுவிசை வந்தால் அது 60 டன் தாங்க வேண்டியிருக்கும் என்று எண்ணத் தோன்றும், உண்மை அதுவன்று. அழுந்திய கான்கிரீட்டின் விறைப்பு, அதாவது உருமாற மறுக்கும் தன்மை, போல்ட்டினதைப்போல் 9 மடங்கு என்று கொண்டால், 18 டன் கான்கிரீட்டின் அழுத்தத்தைத் தளர்த்துவதிலேயே செலவாகி, போல்ட்டில் 2 டன் மட்டுமே கூடும். இழுவிசை ஏறத்தாழ 44 டன்னைத் தாண்டி, கோபுரத்தின் அடித்தட்டு கான்கிரீட்டை விட்டு விலகினால்தான், அதற்குமேல் வருவது முழுவதும் போல்ட்டின் தலையில் விழும்.

முன்னிழுப்பு போல்ட்டின் இறுதி வலிமையைக் கூட்டுவதில்லை. அது காப்பது உலோகக் களைப்பிலிருந்து. நிமிடத்துக்கு 15 முறை சுற்றும் மூன்று இறக்கைகள் கோபுரத்தின் முன்னே 45 முறை கடக்கின்றன. இடைவிடாது சுழன்றால் ஓராண்டில் இவ்வாறு கடப்பது 2 கோடி முறையைத் தாண்டும். ஒவ்வொரு முறையும் விசை ஏறி இறங்கும் அளவு பெரிதாயின், தாங்கக்கூடிய சுமையிலேயே எஃகு விரிசல் கண்டு முறியும். அந்த அளவைச் சிறிதாக்குவதே முன்னிழுப்பின் பயன்.

ஆனால் அது தேயும். சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன் இழுவிசையில் 2 மீட்டர் போல்ட் 4 மில்லிமீட்டரே நீளும். கான்கிரீட் உலர்ந்து சுருங்கியும், நீடித்த சுமையில் மெல்ல அமிழ்ந்தும் அரை மில்லிமீட்டர் குறைந்தால், இழுப்பில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். அரை மீட்டர் போல்ட்டாயின் அதே அமிழ்வு பாதியைக் கொண்டுபோகும். நீண்ட போல்ட்டைக் குழாய்க்குள் ஒட்டாமல் விடுவதன் காரணம் இதுவே. ஆதலால் முதல் நாளில் இறுக்கியதே போதும் என்றிருப்பது பெரும்பிழை. ஆடிக்காற்று தொடங்குமுன் இழுவிசையை அளந்து, குறைந்திருந்தால் மீண்டும் இழுத்து இறுக்கியே ஆக வேண்டும்.