கண்ணுக்குத் தப்பும் துப்பாக்கி

எக்ஸ்ரே திரையில் ஒரு கைத்துப்பாக்கி பக்கவாட்டில் படுத்திருந்தால் சிறு பிள்ளைக்கும் தெரியும். குழல், விசையைச் சுற்றிய வளையம், பிடிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தோட்டாக்கள் எல்லாம் துல்லியமாக விழும். அதே துப்பாக்கியின் குழல் முனை கதிர் வரும் திசையை நோக்கியிருந்தால், திரையில் தெரிவது தடித்த ஒரு செவ்வகம். பக்கத்தில் லேப்டாப் சார்ஜரும் மேலே ஒரு எவர்சில்வர் டப்பாவும் இருந்துவிட்டால் அந்தச் செவ்வகமும் கலந்து போய்விடும். எக்ஸ்ரே படங்களை மனிதர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று ஆராய்ந்த சுவிட்சர்லாந்து உளவியலாளர் அட்ரியன் ஷ்வானிங்கர், இதில் மூன்று சிக்கல்களைப் பிரித்துக் காட்டினார்: பொருள் எந்தக் கோணத்தில் கிடக்கிறது, அதன்மேல் எது படிந்து மறைக்கிறது, பெட்டிக்குள் எவ்வளவு சாமான் நெருக்கியடித்துக் கிடக்கிறது. பெல்ட்டில் பெட்டி நகரும் சில விநாடிகளுக்குள் இந்த மூன்றையும் தாண்டி ஒருவர் முடிவெடுக்க வேண்டும்.

இயந்திரம் அவருக்குக் கொடுக்கும் உதவி, நிறம். விமான நிலைய ஸ்கேனர் இரண்டு விதமான ஆற்றலில் எக்ஸ்ரே கதிர்களை அளக்கிறது. குறைந்த ஆற்றல் கதிரை இரும்பு, ஈயம் போன்ற அணு எண் மிகுந்த தனிமங்கள் ஏராளமாக விழுங்கிவிடும். கார்பனும் ஆக்சிஜனும் அவ்வளவாக விழுங்காது. உயர் ஆற்றல் கதிரில் இந்த வித்தியாசம் குறைந்துவிடும். இரண்டு அளவுகளையும் ஒப்பிட்டால் குறுக்கே கிடப்பது எந்த வகைப் பொருள் என்று கணக்கிடலாம். துணி, புத்தகம், சாப்பாடு, பிளாஸ்டிக், வெடிமருந்து எல்லாம் ஆரஞ்சு நிறம். உலோகம் நீலம். நடுத்தரமானவை பச்சை. கதிர் புகவே முடியாத அளவுக்குத் தடித்த பொருள் கறுப்பு. இந்த நிறங்களே பெருமளவு வெடிகுண்டு பயத்தில் பிறந்தவை. துப்பாக்கியைப் பொறுத்தவரை நிறம் சொல்வது ‘இங்கே உலோகம் இருக்கிறது’ என்பதை மட்டும்தான். அந்த உலோகம் துப்பாக்கியா, குடையின் கைப்பிடியா என்பதைக் கண்தான் பிரித்தறிய வேண்டும்.

1980களில் க்ளாக் கைத்துப்பாக்கி வந்தபோது, ‘பிளாஸ்டிக் துப்பாக்கி, எக்ஸ்ரேயில் தெரியாது’ என்று அமெரிக்காவில் பெரும் பீதி கிளம்பியது. அதன் உடல்தான் பாலிமர்; குழலும் மேல்பகுதியும் எஃகு. எனவே திரையில் நன்றாகவே தெரியும். ஆனால் அந்தப் பீதியால் ஒரு நல்லது நடந்தது. 1988இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: ஏறக்குறைய 105 கிராம் எஃகு தரும் சமிக்ஞையைக்கூட மெட்டல் டிடெக்டருக்குத் தராத துப்பாக்கியைச் செய்வதோ விற்பதோ குற்றம். வீட்டிலேயே முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் துப்பாக்கி அச்சிடும் இன்றைய காலத்துக்கு அந்தச் சட்டம் அன்றைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது.

இனி எண்ணிக்கைக்கு வருவோம். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் (டிஎஸ்ஏ) 2023இல் மட்டும் பயணிகளின் கைப்பைகளில் 6,737 துப்பாக்கிகளைப் பிடித்தது. அவற்றில் 93 சதவீதம் தோட்டா நிரப்பியவை. அட்லாண்டா விமான நிலையத்தில் மட்டும் 451. கேட்கவே குலை நடுங்குகிறது. ஆனால் அந்த ஆண்டு சோதனைச் சாவடிகளைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 85.8 கோடிப் பேர். அதாவது 1.27 லட்சம் பேருக்கு ஒரு துப்பாக்கி. பிரச்சினையின் வேர் இந்த விகிதத்தில்தான் இருக்கிறது.

ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியின் ஜெரமி வுல்ஃபும் அவருடைய குழுவும் 2005இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட சோதனை இதை விளக்குகிறது. பொருள்கள் குவிந்து கிடக்கும் படங்களைக் காட்டி, அவற்றுக்குள் ஒரு குறிப்பிட்ட வகைப் பொருளைத் தேடச் சொன்னார்கள். பாதிப் படங்களில் அந்தப் பொருள் இருந்தபோது, பார்த்தவர்கள் 7 சதவீதம் அளவுக்கே தவறவிட்டார்கள். நூற்றில் ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது தவறவிட்டது 30 சதவீதம். அதே படம், அதே பொருள், அதே கண். மாறியது எதிர்பார்ப்பு மட்டும்தான். பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காத வேலையில், ‘இங்கே இல்லை’ என்று முடிவுகட்டும் நேரத்தை மூளை தானாகவே குறைத்துக்கொள்கிறது. கல் மலிந்த ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிய காலத்தில் சோற்றில் கல் கடிபடுவது அபூர்வம். மூட்டைக்கு ஒரு கல் இருக்கும் இன்றைய அரிசியில்தான் அது பல்லில் மாட்டுகிறது.

வுல்ஃப் நிறுத்தியது நூற்றுக்கு ஒன்றில். விமான நிலையத்தில் நிலைமை லட்சத்துக்கு ஒன்று. பயிற்சி பெற்றவர்களுக்கு இந்தக் குறை இருக்காது என்று நினைத்தால் அதுவும் இல்லை. புதிதாகப் பயிற்சி முடித்த விமான நிலையச் சோதனையாளர்களை வைத்து 2013இல் நடந்த ஆய்விலும் அரிதான பொருள்கள் அதே பாணியில் தப்பின.

அதனால்தான் 2015இல் வெளியான செய்தியில் நான் கோபப்பட்டது சோதனையாளர்கள்மீது அல்ல. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தணிக்கைப் பிரிவு, மாறுவேடத்தில் ஆள்களை அனுப்பி, போலி வெடிகுண்டுகளையும் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களையும் சாவடிகள் வழியே கொண்டுபோக வைத்தது. 70 முயற்சிகளில் 67 வெற்றி. செய்தி கசிந்ததும் டிஎஸ்ஏயின் தற்காலிகத் தலைவர் மெல்வின் காரவே பதவியிலிருந்து மாற்றப்பட்டார். தலைவரை மாற்றலாம், வரிசையில் நிற்கும் லட்சம் பைகளுக்கும் அவற்றைப் பார்க்கும் மூளைக்கும் உள்ள உறவை மாற்ற முடியாது. அந்த உறவைப் புரிந்துகொண்டு வேலையை வகுப்பதுதான் நிர்வாகத்தின் கடமை. அதில் நடந்த தவறுக்குக் கீழ்நிலை ஊழியரைக் குற்றவாளியாக்குவது அநியாயம்.

வேலையை வகுக்க வழிகள் உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால ரேடார் கண்காணிப்பாளர்களின் களைப்பை ஆராய்ந்த நார்மன் மாக்வொர்த், கடிகார முள் போன்ற ஒன்றை மணிக்கணக்கில் பார்க்க வைத்து, எப்போதாவது அது இரட்டைத் தாவல் தாவினால் சொல்லச் சொன்னார். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் சரிந்தது. 1948இல் வெளியான அந்த முடிவின் நிழல் இன்றைய ஐரோப்பிய விதியில் இருக்கிறது: ஒருவர் பொதுவாகத் திரையைத் தொடர்ந்து 20 நிமிடத்துக்குமேல் பார்க்கக் கூடாது, பிறகு குறைந்தது 10 நிமிடம் வேறு வேலை. இன்னொரு வழி, உண்மையான பைகளின் படத்துக்குள் கற்பனைத் துப்பாக்கியின் படத்தைக் கணினி அவ்வப்போது செருகுவது. சோதனையாளர் பொத்தானை அழுத்தியதும் ‘இது பயிற்சிப் படம்’ என்று திரை சொல்லிவிடும். அரிதானதைக் கொஞ்சம் அடிக்கடி நிகழ்வதாக ஆக்கி, மூளையின் எதிர்பார்ப்பை உயர்த்தி வைக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. பெட்டியைச் சுற்றிச் சுழன்று முப்பரிமாணப் படம் எடுக்கும் சிடி ஸ்கேனர்களில் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம் என்பதால் கோணச் சிக்கல் பெரிதும் தீர்கிறது. அரிதானதைத் தேடும் சிக்கல் அப்படியே நிற்கிறது.

பிடிபடுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒரே பதில்: “பையில் இருந்ததையே மறந்துவிட்டேன்.” பொய் என்று தள்ளிவிட முடியாது. தினமும் துப்பாக்கியோடு அலுவலகம் போகிறவருக்கு அது பணப்பையைப் போல உடம்போடு ஒட்டிய பழக்கம். பழகிய செயலை நினைவு தனியாகப் பதிவுசெய்வதில்லை. ஆனால் மறதியிலிருந்து பிறந்த துப்பாக்கியும் வெடிக்கும். 2021 நவம்பரில் அட்லாண்டாவில் திரையில் துப்பாக்கி தெரிந்து, பையைத் திறந்து சோதிக்கும்போது, பயணி பாய்ந்து உள்ளே கைவிட்டார். துப்பாக்கி வெடித்தது. குண்டு யார்மீதும் படவில்லை. ஆனால் கூட்டம் சிதறி ஓடியதில் மூன்று பேர் காயமடைந்தார்கள், விமானங்கள் நிறுத்தப்பட்டன. துப்பாக்கி தெரிந்தால் சோதனையாளர் அதைத் தொடாமல் போலீஸை அழைப்பதே அங்குள்ள முறை.

இந்த மறதிக்கும் கண்ணின் பலவீனத்துக்கும் மாற்றாக ஒரு வழி பல ஆண்டுகளாகவே இருக்கிறது: சொல்லிவிட்டுக் கொண்டுபோவது. அமெரிக்க விதி இதுதான். துப்பாக்கி கைப்பையில் கூடவே கூடாது. தோட்டா முழுவதையும் கழற்றி, வளையாத, எளிதில் நெம்பித் திறக்க முடியாத கடினப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும். சாவியோ பூட்டு எண்ணோ பயணியிடம் மட்டும் இருக்க வேண்டும். செக்-இன் கவுன்ட்டரில் விமான நிறுவன ஊழியரிடம் நேரில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தோட்டாக்கள் அவற்றுக்கென்று செய்த பெட்டியில், செக்-இன் சாமானில் போகலாம். அசல் போலத் தோன்றும் துப்பாக்கிப் போலிகளும் செக்-இன் சாமானில்தான் போக வேண்டும்.

ஒவ்வொரு நிபந்தனைக்கும் காரணம் உண்டு. பூட்டு, சாமான் கையாளும் எவர் கையிலும் துப்பாக்கி போகாமல் காக்கிறது. கடினப் பெட்டி, யாரும் எளிதில் நெம்பித் திறக்காமல் தடுக்கிறது. வாய்விட்டுச் சொல்வதுதான் எல்லாவற்றிலும் முக்கியம்: அந்த ஒரு வாக்கியம் ஒரு துப்பாக்கியைத் தேடப்பட வேண்டிய லட்சத்தில் ஒன்று என்ற நிலையிலிருந்து தெரிந்த பொருளாக மாற்றுகிறது. ஸ்கேனரால் செய்ய முடியாததை ஒரு நேர்மையான பயணி பத்து விநாடியில் செய்துவிடுகிறார்.

இந்த வழிக்கும் ஓட்டைகள் உண்டு. 2017 ஜனவரி 6 அன்று அலாஸ்காவிலிருந்து ஃபோர்ட் லாடர்டேல் வந்த ஒருவர், விதிப்படி அறிவித்துக் கொண்டுவந்த கைத்துப்பாக்கியைச் சாமான் வாங்கும் இடத்தில் பெற்று, கழிப்பறைக்குள் சென்று தோட்டா நிரப்பி, வெளியே வந்து சுட்டார். ஐந்து பேர் இறந்தார்கள். பறக்கும் நேரத்தில் பூட்டியிருந்த துப்பாக்கி, இறங்கிய இடத்தில் கூட்டத்துக்கு நடுவே உரியவர் கைக்கு வருகிறது. அந்தக் கடைசி நூறு மீட்டரைப் பற்றி விதி எழுதியவர்கள் போதுமான அளவு யோசிக்கவில்லை.

இன்னொரு ஓட்டை ஊழியர் வாசல். 1987 டிசம்பர் 7இல் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு விமான நிறுவன ஊழியர், திருப்பி வாங்கப்படாத அடையாள அட்டையோடு சோதனையின்றி உள்ளே நுழைந்து, கலிபோர்னியா மேல் பறந்த பிஎஸ்ஏ 1771 விமானத்துக்குள் சுட்டார். விமானம் விழுந்து 43 பேரும் மாண்டார்கள். 2014இல் அட்லாண்டாவில் சாமான் ஏற்றும் ஊழியர் ஒருவர் துப்பாக்கிகளை உள்ளே கொண்டுவந்து, சோதனை முடிந்து வந்த பயணியிடம் கைமாற்றி, நியூயார்க்குக்கு அனுப்பினார். 153 துப்பாக்கிகள் என்றது அரசுத் தரப்பு. அப்போது மயாமி, ஆர்லாண்டோ தவிர அமெரிக்காவின் பெரிய விமான நிலையங்களில் எல்லா ஊழியரையும் சோதிக்கும் வழக்கமே இல்லை.

நம் நாட்டில் துப்பாக்கியைவிட அடிக்கடி பிடிபடுவது தோட்டா. பெரும்பாலும் ஒன்று, இரண்டு. பையின் ஓரத்தில் என்றோ தங்கிப்போனவை, உறவினரிடம் கடன் வாங்கிய பெட்டியில் கிடந்தவை. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை அதைக் கண்டால் போலீஸில் ஒப்படைக்கும். ஆயுதச் சட்டத்தின் 25ஆம் பிரிவில் வழக்கு. ஆயுதம் தன்னிடம் இருப்பதை அறிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972இலேயே சொல்லியிருக்கிறது. அதை வைத்து இப்படிப்பட்ட ஒற்றைத் தோட்டா வழக்குகள் பலவற்றை டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. ஆனால் அதுவரை அந்தப் பயணி தவறவிட்டது விமானம் மட்டுமல்ல. பழைய பையை எடுத்தால் எல்லா ஜிப்பையும் திறந்து உதறிவிட்டுச் சாமான் அடுக்குங்கள். கடன் வாங்கிய பையை இரண்டு முறை.

உரிமம் வைத்திருப்பவர்களும் துப்பாக்கி சுடும் வீரர்களும் இங்கேயும் ஆயுதத்தைக் காலி செய்து, விமான நிறுவனத்திடம் அறிவித்து, செக்-இன் சாமானில்தான் கொண்டுபோக வேண்டும். உரிமம் எந்த மாநிலங்களில் செல்லும் என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெளிநாடு என்றால் இறங்கும் நாட்டோடு மாறிச்செல்லும் நாட்டின் விதியும் உண்டு. ஒரே நாட்டுக்குள் மாநிலம் மாறினாலும் சிக்கல் வரலாம். அமெரிக்காவில் 2005இல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியா போன ஒருவர் நியூஜெர்சியின் நெவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். விதிப்படி பூட்டிய துப்பாக்கி இருந்த பெட்டியோடு ஓட்டலில் தங்கி, மறுநாள் காலை கவுன்ட்டரில் நேர்மையாக அறிவித்தார். கைது. பின்னர் வழக்கைக் கைவிட்டார்கள். அவர் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கு 2010இல் தோற்றது: ஓட்டல் அறையில் துப்பாக்கி அவர் கைக்கு எட்டும்படி இருந்ததால், துப்பாக்கியோடு மாநிலம் கடக்கும் பயணிகளைக் காக்கும் 1986ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என்றது நீதிமன்றம். நம் நாட்டிலும் 2021 பிப்ரவரியில் டெல்லியிலிருந்து போபாலுக்குப் புறப்பட்ட துப்பாக்கி சுடும் வீராங்கனை மனு பாக்கர், அனுமதிக் கடிதம் கையில் இருந்தும் துப்பாக்கிகளோடு நிறுத்தப்பட்டார். விளையாட்டுத் துறை அமைச்சர் தலையிட்ட பிறகே விமானம் ஏறினார்.

சொல்லிவிட்டு வருகிறவரைத் தண்டித்தால் அடுத்தவர் சொல்லாமல் வருவார். அவரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பு மறுபடியும் அந்தத் திரைக்கே போகும். ஸ்கேனர் வாங்கச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கைக் கவுன்ட்டர் ஊழியரின் பயிற்சிக்குத் தர வேண்டும்: ஒவ்வொரு பணிநேரத்திலும் துப்பாக்கி விதியைக் கரைத்துக் குடித்த ஒருவர், அறிவிப்பைப் பதிவுசெய்ய ஒரே மாதிரிப் படிவம், இறங்கும் இடத்தில் பூட்டிய பெட்டியைப் பெல்ட்டில் விடாமல் தனி அறையில் அடையாளம் பார்த்து ஒப்படைக்கும் ஏற்பாடு. திரையில் கற்பனைத் துப்பாக்கியைக் காட்டிப் பயிற்சி தருகிற நாம், கவுன்ட்டருக்கும் அவ்வப்போது ஒரு பயிற்சிப் பயணியை அனுப்பலாம்.