உப்பளம் கற்பிக்கும் பாடம்

பூமியில் பயணம் செய்து சிந்திக்குமாறு திருமறை நம்மைப் பணிக்கிறது. கண்டு களிப்பதற்கு மட்டுமன்று, உள்ளம் உணர்வு பெறுவதற்காகவும் பயணம் வேண்டும். எளியோரிடம் செல்லும் பயணம் எழுத்தை எவ்வாறு ஆழப்படுத்துகிறது என்பதற்கு நாவலாசிரியர் ராஜம் கிருஷ்ணன் (1925–2014) தக்க சான்றாவார்.

கல்லூரியில் பயிலாத இவர், 'வேருக்கு நீர்' நாவலுக்காக 1973ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமிப் பரிசைப் பெற்றார். அதன் பின்னர் வீட்டிலிருந்தே எழுதியிருக்கலாம். ஆயினும் தூத்துக்குடி உப்பளங்களுக்குச் சென்றார். தொழிலாளரிடம் பேசினார், அவர்கள் கூறியவற்றைக் கேட்டார். 'கரிப்பு மணிகள்' பிறந்தது. தீப்பெட்டித் தொழிலில் உழலும் சிறுவரைப் பற்றி எழுதவும் இவ்வழியையே மேற்கொண்டார்.

உப்பின் வெண்மை வெயிலில் கண்களைக் கூசச் செய்யும்; உப்புநீர் பாதங்களைப் புண்ணாக்கும்; மழைக்காலத்தில் வேலை இராது. இவற்றைத் தொலைவிலிருந்து ஊகிப்பவர் இரக்கத்தை மட்டுமே எழுதுவார். அருகிருந்து கேட்டவரோ கூலிக் கணக்கையும், பெண்கள் படும் இழிவையும், அவற்றிடையே குன்றாத தன்மானத்தையும் எழுதுவார்.

அதைப் படிக்கும்போது நம்மையும் நாம் அறிகிறோம். 'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்போம். அவ்வுப்பை வாரிய கைகள் யாருடையவை என்று என்றேனும் கேட்டோமா? நம் உணவின் சுவை எவர் உழைப்பில் விளைந்தது என உணர்வதே தன்னையறிதலின் தொடக்கம்.

எழுத விழையும் மாணவர்களே, விடுமுறையில் அருகிலுள்ள செங்கற்சூளைக்கோ மீனவர் குப்பத்திற்கோ சென்று வருவோம். அவர்தம் வறுமை நம் எழுத்துக்கு மூலப்பொருள் அன்று. எழுதுகோலைப் பின்னர் எடுப்போம், முதலில் செவிகொடுப்போம்.