பீஸ் லில்லி: தொங்கும் இலையும் இரண்டு காரணங்களும்

என் முதல் பீஸ் லில்லியைக் கொன்றது நான்தான். தண்ணீர் ஊற்றாமல் அல்ல, ஊற்றி ஊற்றி. இலை தொங்கும்போதெல்லாம் "பாவம், தாகம் போல" என்று ஒரு சொம்பு ஊற்றுவேன். கடைசியில் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் வேரெல்லாம் பழுப்பாகி, கொழகொழவென்று, நாற்றத்தோடு இருந்தது.

அதன்பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். இலையை நிமிர்த்தி வைப்பது செல்களுக்குள் இருக்கும் நீரின் அழுத்தம், டயருக்குள் காற்று மாதிரி. மண் காய்ந்தால் அழுத்தம் குறைந்து இலை தொங்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வேரும் சுவாசிக்க வேண்டும். மண் துகள்களுக்கு நடுவே காற்று இருக்கவேண்டிய இடத்தைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால், ஆக்சிஜன் கிடைக்காமல் வேர் அழுகிவிடும். அழுகின வேர் தண்ணீரை உறிஞ்சாது. தொட்டி நிறைய ஈரம் இருக்கும், ஆனால் இலை தாகத்தில் தொங்கும். ஒரே எரர் மெசேஜ், நேரெதிரான இரண்டு காரணங்கள்!

எனவே இலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், மண்ணைத் தொட்டுப் பாருங்கள். விரலை இரண்டு அங்குலம் உள்ளே விடுங்கள். காய்ந்திருந்தால், அடியில் உள்ள ஓட்டை வழியாக வடியும் வரை ஊற்றுங்கள். சில மணி நேரத்தில் இலை நிமிர்ந்துவிடும். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஈரமாக இருந்து இலையும் தொங்கினால் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, செடியை வெளியே எடுத்து வேரைப் பாருங்கள். அழுகியதை வெட்டிவிட்டு, வெள்ளையாக, உறுதியாக இருப்பதை மட்டும் தண்ணீர் நன்றாக வடியும் புது மண்கலவையில் நடலாம்.

வெளிச்சமும் இந்தக் கணக்கில் வரும். இருட்டு மூலையிலும் இது உயிரோடு இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே செடி குறைவாகத்தான் குடிக்கும், மண் காய நாளாகும், பூவும் அபூர்வம். நேர் வெயில் படாத ஜன்னலோரம் நல்லது.

இன்னொன்று. பேரில் லில்லி இருந்தாலும் இது லில்லி இல்லை, நம்ம சேனை, சேப்பங்கிழங்கின் சொந்தக்காரன். வெள்ளையாகத் தெரிவது பூ அல்ல, பாளை. நிஜப் பூக்கள் நடுக்குச்சியில் பொடிப்பொடியாக இருக்கும். சேனையில் நாக்கை அரிக்கும் அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதிலும் உண்டு. குழந்தைகளும் பூனைகளும் கடிக்காத உயரத்தில் வையுங்கள்.

இரண்டாவது செடி இப்போது ஜன்னலோரம் இருக்கிறது. இலை தொங்கினால் இன்னமும் கை சொம்பைத் தேடும். முதலில் விரல், அப்புறம்தான் சொம்பு.