நரம்பும் மின்னணுவும்

மலாய்மொழியில் ‘குகிரான்’ என்றொரு சொல் உண்டு. ‘கும்புலான் கிட்டார் ரஞ்சாக்’ என்னும் தொடரின் சுருக்கம் அது. துள்ளலிசைக் கிதார்க் குழு என்பது பொருள். பீட்டில்ஸ் குழுவின் அலை இங்கு எட்டிய 1960களில் அச்சொல் பரவிற்று. இசைக்குழு என்றாலே கிதார்தான் என்று அக்காலம் கருதியதற்கு அதுவே சான்று. பினாங்கில் அக்கருத்துக்குத் தமிழ் முகமும் இருந்தது. லோகநாதன் ஆறுமுகம், டேவிட் ஆறுமுகம் என்னும் உடன்பிறப்புகளின் ‘அல்லிகேட்ஸ்’ குழு இவ்வூரில் தோன்றி, மலாய்ப் பாடல்களால் நாடெங்கும் புகழ்பெற்றது.

மின்கிதார், மின்னணு இசை இரண்டையும் ஒன்றெனவே மாணவர் பலர் கொள்கின்றனர். வேறுபாடு பெரிது. மின்கிதாரில் ஒலி பிறப்பது கம்பியில். எஃகுக் கம்பி அதிரும்போது, அடியிலுள்ள காந்தச் சுருள் அவ்வதிர்வை மின்குறிகையாக்குகிறது. பெருக்கி அதனை வலுப்படுத்துகிறது. சிந்தசைசர் எனப்படும் ஒலித்தொகுப்பியிலோ கம்பியே இல்லை. மின்சுற்றே அலையை உண்டாக்குகிறது. பழந்தமிழில் ‘நரம்பு’ என்பது யாழின் தந்தியையும் அதில் எழும் சுரத்தையும் ஒருங்கே குறித்தது. 

1983இல் ‘மிடி’ என்னும் பொதுநெறி வந்தபின், வெவ்வேறு நிறுவனத்தாரின் கருவிகளைக் கணினியொன்றே இயக்க முடிந்தது. பலர் வாசித்ததை ஒருவரே அமைக்கலாயினர். இம்மாற்றம் நம் செவியை எட்டியது பெரிதும் சென்னைத் திரையிசை வழியே. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கணினியைப் பயன்படுத்தினார். 1992இல் ‘ரோஜா’ படத்தின் வழியே ஏ. ஆர். ரகுமான் அவ்வொலியுலகை வீடுதோறும் சேர்த்தார். பின்னர் மலேசியாவிலிருந்தே விடை சென்றது. யோகி பி, நட்சத்திரா குழுவினரின் ‘வல்லவன்’ தொகுப்பு 2006இல் வெளிவந்தது. 1980இல் வந்த ‘நிழல்கள்’ படப் பாடலொன்றை அதில் சொல்லிசையாக மறுவார்ப்புச் செய்திருந்தனர்.

இதனை வீழ்ச்சி என்று நாம் கூறோம். குழு அமர்த்தப் பணமில்லாத இளைஞரும் இன்று இசையமைக்கிறார். எனினும் இழப்பு உண்டு. விருந்து மேடையில் ஐவர் நின்ற இடத்தில் ஒருவரும் ஒரு பெட்டியும் போதுமென்றானபோது, நால்வர் ஊதியம் போயிற்று. மூத்தவர் அருகில் நின்று விரல் பார்த்துக் கற்கும் வழக்கமும் அதனோடு குறைந்தது.

கம்பி மட்டும் முற்றிலும் நீங்கவில்லை. இன்றைய கீபோர்டில் ‘கிதார்’ என்று குறித்த பொத்தானை அழுத்தும்போது பலவேளைகளில் நாம் கேட்பது, எங்கோ ஒரு கலைஞர் மீட்ட, பதிந்து வைத்த கம்பியின் ஒலியே.