26 வாரம் முடிந்த பிறகு

அமெரிக்காவில் வேலை பறிபோனவருக்கு மாநில அரசு வாராவாரம் உதவித்தொகை தருகிறது. 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தொடங்கிய ஏற்பாடு இது. பெரும்பாலும் முதலாளிகள் கட்டும் வரியே இதற்கான நிதி. ‘இந்த வாரம் வேலை செய்தீர்களா? வேலை தேடினீர்களா? கிடைத்தால் போகத் தயாரா?’ என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு வாரமும் பதில் பதிந்தால்தான் பணம் வரும். பெரும்பாலான மாநிலங்களில் அதிகபட்சம் 26 வாரம், அவ்வளவுதான்.

நாட்டில் வேலையே இல்லாத காலத்தில் ஆறு மாதம் அலைந்தாலும் என்ன கிடைக்கும்? இதற்காகவே 1970-இல் நீட்டிப்புச் சட்டம் வந்தது. வேலையின்மை ஒரு வரம்பைத் தாண்டினால் இன்னும் 13 வாரம் தானாகவே கிடைக்கும். சில மாநிலங்களில் 20 வாரம்வரை உண்டு.

ஆனால் அந்த வரம்பை அளக்கும் முறைதான் ஏழைகளைக் கைவிடுகிறது. அடிப்படை விதிப்படி, வழக்கமான உதவித்தொகை வாங்குவோரை மட்டுமே கணக்கில் எடுப்பார்கள். 26 வாரம் முடிந்தவர் வேலையில்லாமல் தவித்தாலும் அந்தக் கணக்கில் இல்லை. இன்னொரு நிபந்தனையும் உண்டு: இப்படிக் கணக்கிட்ட விகிதம் 5 சதவீதத்தைத் தொட்டால் போதாது, முந்தைய இரண்டு ஆண்டுகளின் இதே காலச் சராசரியைவிட 20 சதவீதம் கூடுதலாகவும் இருக்க வேண்டும். காய்ச்சல் மூன்று நாளாக 103-இலேயே நிற்கிறது, மேலே ஏறவில்லை என்று மருந்தை நிறுத்துவதைப் போன்றது இது. சில மாநிலங்கள் வேறு அளவுகோலையும் ஏற்றிருக்கின்றன என்பது உண்மைதான். ஏற்காத மாநிலத்தில் இருப்பவர் என்ன செய்வார்?

அதனால் ஒவ்வொரு பெரிய மந்தத்திலும் நாடாளுமன்றம் தனிச்சட்டம் போட வேண்டியிருக்கிறது. 2008 ஜூனில் தொடங்கிய அவசர நீட்டிப்பு படிப்படியாக வளர்ந்து, எல்லாம் சேர்த்து 99 வாரம்வரை போனது. 2010 கோடையில் உறுப்பினர்களின் இழுபறியால் அது வாரக்கணக்கில் நின்றுபோனது. 2013 டிசம்பர் இறுதியில் அடியோடு முடிந்தபோது சுமார் 13 லட்சம் பேருக்கு ஒரே நாளில் தொகை நின்றது. அப்போதும் வேலையற்றோரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானோர் ஆறு மாதத்துக்கு மேல் வேலை தேடிக்கொண்டிருந்தவர்கள்.

பணம் கொடுத்தால் வேலை தேட மாட்டார்கள் என்கிறார்கள். பொருளியலாளர் ஜெஸ்ஸி ரோத்ஸ்டைன் 2011-இல் இதைக் கணக்கிட்டார். நீட்டிப்பால் வேலையின்மை விகிதம் 0.1 முதல் 0.5 சதவீதப் புள்ளிவரைதான் கூடியிருந்தது. அதிலும் குறைந்தது பாதி, மனம் தளர்ந்து ஒதுங்கியிருக்கக்கூடியவர்கள் தொடர்ந்து தேடியதால் வந்தது. அவர்கள் இன்னும் தேடுகிறார்கள் என்பது நல்ல செய்திதானே. நீட்டிப்பு எப்போது முடியும் என்பதைச் சட்டத்தில் எழுதிய தேதி தீர்மானிக்கக் கூடாது, வேலையின்மை விகிதம் தீர்மானிக்கட்டும்.